வெட்டிய பிறகு வந்த கிருமிச் சான்றிதழ்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் முழுக்க ஒரே காகிதம்தான் சுற்றியது. நண்பர் ஒருவரின் பேரனுக்கு எட்டு வயது. டான்சில் அறுவை செய்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்த அறிக்கையை நண்பர் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். திசுவில் பாக்டீரியா தொற்று காணப்பட்டது என்பது அதன் சாரம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். "நல்லவேளை எடுத்தீர்கள் சார்." "உள்ளே இவ்வளவு விஷம் இருந்திருக்கிறதே!" "கடவுள் காப்பாற்றினார்." ஒருவர் தன் பேத்திக்கும் அடிக்கடி சளி பிடிக்கிறது என்று சொல்லி, எந்த டாக்டர், எவ்வளவு ஆனது என்று விசாரித்தார்.

அதோடு நின்றிருந்தால் நானும் ஒரு கைகூப்பு போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அந்தப் பையனுக்கு நான்கு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். அண்ணனுக்கு இருந்தது இவளுக்கும் இருக்கும் என்று சொல்லி, கோடை விடுமுறையில் அவளுக்கும் எடுத்துவிடத் தேதி கேட்டிருக்கிறார்களாம். அதற்கு ஆதாரம் அண்ணனின் சதையில் கிருமி இருந்தது என்ற அந்தக் காகிதம்.

அந்தக் காகிதம் எதற்கும் ஆதாரம் ஆகாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பையனுக்கு அறுவை தேவைப்பட்டிருக்கலாம். அவனை நேரில் பார்த்த டாக்டருக்கு அது தெரியும். ஆனால் தேவைப்பட்டது என்று காட்ட வேண்டியவை அறுவைக்கு முந்தைய காகிதங்கள். பிறகு வந்த இந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையின் தொண்டைக்குப் போவது அநியாயம்.

நான் டாக்டர் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து, அதில் பல வருடம் மருத்துவச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தவன். எஸென்ஷியாலிட்டி சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது, லேப் ரிப்போர்ட் என்று கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். நோயைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாவிட்டாலும், எந்தக் காகிதம் எந்தத் தேதியில் வந்தது, எது எதற்கு முன்னால் வந்தது என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை.

அலுவலகத்தில் பின்னேற்பு என்று ஒன்று உண்டு. வேலையை முதலில் முடித்துவிட்டு அனுமதியைப் பிறகு வாங்குவது. மழையில் மதகு உடைந்துபோனால் கோப்பு நகரும் வரை காத்திருக்க முடியாது, அப்போது அது சரிதான். ஆனால் சாதாரண நாளில் வருகிற பின்னேற்புக் கோப்புகளில் நியாயங்கள் எப்படி எழுதப்படும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, காசும் செலவாகிவிட்டது. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு காரணம் தேடிப் பிடிக்கப்படும். வெட்டிய டான்சிலுக்கு வரும் கிருமி அறிக்கையும் அந்த வகைதான். இதில் கூடுதல் சௌகரியம் என்னவென்றால், யாருடைய டான்சிலை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே காரணம் கிடைத்துவிடும்.

ஏன் கிடைக்கும் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் டான்சில் என்றாலே "உள்நாக்கு வளர்ந்துவிட்டது" என்பார்கள். உள்நாக்கு என்பது தொண்டை நடுவில் மணி நாக்குபோலத் தொங்குகிற சின்னச் சதை. டான்சில் அதற்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற இரண்டு உருண்டை. எங்களுக்குப் பள்ளியில் அதை அமிக்தால் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கிரேக்க மொழியில் வாதுமைக்கொட்டை என்று பொருள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். வெளித்தோற்றம் வாதுமைதான். உள்ளே பார்த்தால் வழவழப்பாக இருக்காது. ஒவ்வொன்றிலும் 10 முதல் 30 வரை ஆழமான குழிகள், கிளை கிளையாகப் பிரிந்து உள்ளே போகும்.

அந்தக் குழிகள் சும்மா இல்லை. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வருகிற கிருமிகள் அவற்றில் போய்த் தங்கும். அங்கே சுவர் மெல்லியது. அடியில் காத்திருக்கும் வெள்ளணுக்கள் வந்தவரைப் பிடித்துப் பார்த்து, இவன் யார், இவனுக்கு என்ன எதிர்ப்பு மருந்து தயாரிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். குழந்தைப் பருவத்தில்தான் இந்தப் பாடம் மும்முரமாக நடக்கிறது. அதனால்தான் நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு டான்சில் பெரிதாக இருக்கும். பிறகு தானாகச் சுருங்கும். நம் வயதில் கண்ணாடியில் பார்த்தால் இருக்கிற இடமே தெரியாது.

கிருமியை வரவழைத்துப் பரிசோதிப்பதற்காகவே உடம்பு கட்டி வைத்திருக்கிற அறை அது. அந்த அறையை வெட்டி எடுத்து, திறந்து பார்த்து, ஐயோ உள்ளே கிருமி இருக்கிறது என்று அலறுவது எப்படி இருக்கிறது தெரியுமா? தபால் பிரிவில் திடீர்ச் சோதனை நடத்தி, அங்கே வெளியார் எழுதிய கடிதங்கள் ஏராளமாகச் சிக்கின என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது போல இருக்கிறது.

பரிசோதனைக்கூடங்கள் இதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகின்றன. வெட்டி எடுத்த டான்சில்களில் ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சா வளரும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளரும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளரும், காற்றில்லாமல் வாழ்கிற ரகங்கள் வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால் குழிகளுக்குள் ஆக்டினோமைசிஸ் என்ற கிருமியின் சின்னச் சின்னத் திரள்கள் பல சமயம் தென்படும். பேரைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது அங்கே வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஆள், அவ்வளவுதான். அதனால் ஒரு கேடும் நடந்திருக்காது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். டான்சில் அறுவை இரண்டு வகையான பிள்ளைகளுக்கு நடக்கிறது. ஒன்று, திரும்பத் திரும்பத் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுப்பவர்கள். இன்னொன்று, தொண்டை வலியே அதிகம் இல்லாமல், சதை பெருத்து மூச்சை அடைத்து, இரவில் குறட்டை விட்டுத் திணறுகிறவர்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளின் சதையை வெட்டி வளர்த்துப் பார்த்தாலும் மேலே சொன்ன அதே பட்டாளம்தான் வளர்கிறது. கிருமி இருப்பதை வைத்து, அடிக்கடி நோயில் படுத்த பிள்ளை எது, படுக்காத பிள்ளை எது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், அந்தச் சோதனை அறுவையின் தேவையைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

வெட்டவே வேண்டாம், தொண்டையில் பஞ்சு வைத்துத் துடைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். தொண்டை நோய்க்குப் பேர்போன ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஒரு நோயும் இல்லாமல் ஓடி விளையாடுகிற பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் தொண்டையில் இருக்கிறது. அவர்களை நோயாளி என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் கிருமிக்கும் எங்கள் பாடப் புத்தகத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1879 மார்ச்சில் பாரீஸ் மருத்துவக் கழகத்தில், பிரசவத்துக்குப் பின் பெண்கள் காய்ச்சலில் சாவது எதனால் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, பஸ்தேர் எழுந்து போய்க் கரும்பலகையில் மணி கோத்த மாலை போல ஒன்றை வரைந்து, இதுதான் காரணம் என்று காட்டினார். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பஸ்தேரை அரைத் தெய்வமாக வைத்துத்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஆசிரியர்கள் பெயரைச் சொல்லவே தயங்கிய ஜெர்மானியர் கோக் (அங்கே பழைய போர்ப்பகை) இன்னொரு பாதியைச் சொன்னார். ஒரு கிருமியைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால் நோயாளியிடம் அது இருக்கிறது என்று காட்டினால் போதாது. ஆரோக்கியமானவரிடம் இல்லை என்றும் காட்ட வேண்டும். அதைக் கொண்டு நோயை உண்டாக்கியும் காட்ட வேண்டும். பிற்பாடு அவரே, நோய் இல்லாதவர் உடம்பிலும் சில கிருமிகள் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எப்படிப் பார்த்தாலும், சம்பவ இடத்தில் ஆள் இருந்தான் என்பது மட்டும் தண்டனைக்குப் போதாது.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். தொண்டையை மேலாகத் துடைத்தெடுத்துப் பார்த்தால் ஒரு கிருமி வரும், டான்சிலின் நடுப்பகுதியை வெட்டிப் பார்த்தால் வேறொன்று வரும்; இரண்டும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. இது உண்மை. உள்ளே இருக்கிற கிருமிகள் ஒரு வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன என்றும், அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்றும் ஆராய்ச்சியாளர்கள் 2003 வாக்கில் படத்தோடு காட்டியிருக்கிறார்கள். அதுவும் உண்மை. மாத்திரை சாப்பிடும்போது நின்று, விட்டதும் மறுபடி வருகிற காய்ச்சலுக்கு இது நல்ல விளக்கமாக இருக்கலாம். ஆனால் கவனியுங்கள், திரும்பத் திரும்பப் படுக்கிற பிள்ளை ஏன் குணமாகவில்லை என்பதற்குத்தான் இது விளக்கம். எந்தப் பிள்ளைக்கு அறுவை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இது உதவாது, ஏனென்றால் அந்தப் படலம் குறட்டைப் பிள்ளையின் டான்சிலிலும் இருக்கிறது.

இந்தக் கிருமிப் பயத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால், உடம்பில் எங்கேயோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் வேர் என்று ஒரு கொள்கை மேல்நாட்டு மருத்துவத்தை ஆட்டிப் படைத்தது. ஒளியும் இடம் என்று முதலில் மாட்டியவை பல்லும் டான்சிலும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனைக்கு 1907இல் தலைவராக வந்த ஹென்றி காட்டன் என்ற டாக்டர், பைத்தியத்தைக் குணப்படுத்துகிறேன் என்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டான்சிலை எடுத்தார், அதிலும் சரியாகாதவர்களுக்குப் பெருங்குடலை வெட்டினார். பலர் செத்துப்போனார்கள். எடுத்த பல்லிலும் சதையிலும் கிருமி இருந்ததா என்றால், இருந்தது! ஒவ்வொரு முறையும் இருந்தது. அதுதான் அவருக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டே இருந்தது. சொந்தப் பிள்ளைகளின் பல்லைக்கூடப் பிடுங்க வைத்தார். கொடூரமானவர் இல்லை அவர், நம்பிக்கைக்காரர். அதனால்தான் எனக்குப் பயம்.

நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள், 1934இல் வெளியானது. 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேர். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரைப் பள்ளி மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று தள்ளப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம், விஷயத்தைச் சொல்லாமல் காட்டினார்கள். அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் தப்பித்த 116 பேரை மூன்றாவது குழுவிடம் அனுப்பினார்கள். அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கினார்கள். கடைசியில் ஆயிரத்தில் 65 பேர் மட்டும் யாரும் கை வைக்கச் சொல்லாத தொண்டையோடு மிஞ்சினார்கள். பரிசோதித்தவர்கள் பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்லவில்லை; எதிரே நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எடுக்க வேண்டும் என்ற பழக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆயிரம் டான்சிலையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் ஆயிரம் கிருமிச் சான்றிதழ் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கிலாந்திலும் இதே. கிளவர் என்ற மருத்துவ அதிகாரி 1938இல் புள்ளிவிவரங்களை அடுக்கிக் காட்டினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் எடுத்திருந்தார்கள். ஹார்ன்சி என்ற ஊரில் பள்ளி மருத்துவ அதிகாரி மாறியதும், 1929இல் அறுவைகளின் எண்ணிக்கை முந்தைய வருடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஊரில் இருந்த கிருமிகள் அப்படியேதான் இருந்தன, அதிகாரிதான் மாறினார். அப்படியும் பழக்கம் போகவில்லை. 1959இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 14 லட்சம் டான்சில் அறுவைகள் நடந்தன. அதற்கு முன்பே, போலியோ காலத்தில் டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சையே நிறுத்துகிற ரகப் போலியோ அதிகம் வருகிறது என்று கண்டுபிடித்து, போலியோ பரவும் மாதங்களில் அறுவையை நிறுத்தி வைத்தார்கள். போலியோவில் கால் சூம்பிய வகுப்புத் தோழர்களை நம்மில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதன் பயம் தெரியும்.

அப்படியானால் யாருக்குத்தான் எடுப்பது? இதற்குப் பதில் ரொம்ப எளிமையானது, எனக்குப் பிடித்தமானதும்கூட, ஏனென்றால் அது ஒரு பதிவேடு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்கில் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் எண்ணி முடிவு செய்தார். ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 தடவை தொண்டை நோய் வந்திருக்க வேண்டும். வந்ததெல்லாம் கணக்கில் சேராது. தொண்டை வலியோடு காய்ச்சலோ, கழுத்தில் வலிக்கிற நெறிகட்டியோ, டான்சில் மேல் வெள்ளைப் பூச்சோ, கிருமிச் சோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற முடிவோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த அளவுக்கு அவதிப்பட்ட பிள்ளைகளுக்கு அறுவை செய்தால் அடுத்த இரண்டு வருடங்களுக்குத் தொண்டை நோய் குறைகிறது என்று 1984இல் காட்டினார். செய்யாமல் விட்ட பிள்ளைகளில் பலருக்கும் அது தானாகவே குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

அதற்கு முன்னால், 1978இல், அவர் செய்த ஒரு வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். "என் பிள்ளைக்கு அடிக்கடி தொண்டை நோய் வருகிறது" என்று பெற்றோர் வாய்மொழியாகச் சொன்ன, ஆனால் காகிதத்தில் பதிவு இல்லாத 65 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். அறுவை செய்யாமல், ஒவ்வொரு முறையும் வரச்சொல்லிப் பார்த்து எழுதினார். பெற்றோர் சொன்ன அளவுக்கு உண்மையாகவே நோய் வந்தவர்கள் 11 பேர். தாய் தகப்பன் பொய் சொல்வதில்லை. இரவில் பிள்ளை இருமினால் நமக்கு ஒன்று பத்தாகத் தெரியும். அதனால்தான் நாட்குறிப்பு வேண்டும் என்கிறேன். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, காய்ச்சல் எவ்வளவு, டாக்டர் பார்த்தாரா, தொண்டையில் என்ன கண்டார், என்ன மருந்து, எத்தனை நாள், பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை. எல்.டி.சி. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கூட இதைச் செய்வான்.

நண்பர் வீட்டுக்கு நான் போனேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரோடு உட்கார்ந்து அந்தச் சின்னப் பாப்பாவின் கணக்கை எடுத்தோம். போன ஒரு வருடத்தில் நான்கு முறை. தீபாவளிக்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்து மூக்கு ஒழுகியபோது ஒன்று. காய்ச்சல் இல்லாத வெறும் இருமல் இரண்டு. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை பழுத்திருக்கிறது என்று சொன்னது ஒன்றே ஒன்று. ஏழு வேண்டிய இடத்தில் ஒன்று. குறட்டை உண்டா அக்கா என்றேன். கிடையாது, பூனைக்குட்டி மாதிரித் தூங்கும் என்றார். அப்புறம் எதற்கு என்று கேட்டதற்கு, "அந்தப் பேப்பர்ல போட்டிருக்கே தம்பி" என்று மறுபடியும் அண்ணனின் அறிக்கையையே எடுத்து நீட்டினார். நண்பர் உள்ளே தொலைக்காட்சியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர், "பாக்டீரியா இருக்குன்னு எழுதியே குடுத்துட்டாங்க, நீங்க என்ன சார்" என்றார். இதை எழுதும் வரை அவர்கள் தேதியை மாற்றவில்லை.

டான்சில் எடுப்பது ஐஸ்கிரீம் சாப்பிடுகிற சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற அறுவை அது. நூற்றுக்குச் சிலருக்கு ரத்தம் கசியும். அன்றைக்கே கசியலாம், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து ஐந்து முதல் பத்து நாளுக்குள், புண்ணின் மேல் கட்டிய பொருக்கு உதிரும்போது கசியலாம். சில பிள்ளைகளைத் திரும்ப அறுவை அரங்குக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும். தேவையானவருக்கு இந்த அபாயம் ஏற்கத்தக்கது. பூனைக்குட்டி மாதிரித் தூங்குகிற குழந்தைக்கு எதற்கு?

நடுவில் ஒரு சின்னக் கதை, அலுவலகத்தில் நடந்தது. பாரீசில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன சக ஊழியர் ஒருவர் அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டார். விடுப்பை நீட்டிக்க அந்த ஊர் டாக்டரிடம் பிரெஞ்சில் சான்றிதழ் வாங்கி வந்தார். அதில் நோயின் பெயர் ஆன்ஜின் என்று இருந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த தணிக்கைக்காரர் அதை ஆஞ்சைனா என்று படித்து, இதய நோயாளிக்கு ஐந்து நாள் விடுப்பா, இதய மருத்துவரின் சான்று எங்கே என்று ஆட்சேபணை எழுதிவிட்டார். பிரெஞ்சில் ஆன்ஜின் என்றால் தொண்டை வீக்கம். அதற்கு நான் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன்.

அந்த ஆன்ஜினுக்கு இப்போது பிரான்சில் என்ன செய்கிறார்கள் என்று நம் ஊர் சொல்தா குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும், போய் வருகிறார்கள். தொண்டை வலி என்று போனால் டாக்டர் அங்கேயே ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சில நிமிடங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டா இல்லையா என்று பார்க்கிறார். இருந்தால்தான் ஆன்டிபயாட்டிக். 2002இல் அரசாங்கமே தொலைக்காட்சியில் "லே ஆன்டிபியோத்திக், சே பா ஓத்தோமாத்திக்" என்று சொல்லிச் சொல்லி மக்கள் மண்டையில் ஏற்றியது. ஆன்டிபயாட்டிக் தானாகக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை என்று அர்த்தம். தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருகிறவை, அதற்கு அந்த மருந்தால் பிரயோஜனம் இல்லை. துடைத்துப் பார்ப்பதிலும் சும்மா குடியிருக்கிற கிருமி சிக்கும்தான். ஆனால் அங்கே வலியும் காய்ச்சலும் உள்ள ஆளைத்தான் சோதிக்கிறார்கள், வருகிற முடிவு அன்றைய வைத்தியத்தை மாற்றுகிறது. கேள்வி முதலில், சோதனை பிறகு, முடிவு அதற்கும் பிறகு.

கிருமிச் சான்றிதழ் செய்கிற இன்னொரு கெடுதல் இதைவிடப் பெரியது. "கிருமி இருந்த இடத்தையே எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை" என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு டான்சில்தான் வேண்டும் என்றில்லை, தொண்டைச் சுவரிலும் உட்காரும். அது உண்மையாகவே தொண்டையைத் தாக்கி, சரியான மருந்து கிடைக்காமல் போனால், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டு மூட்டாக வீங்கி வலிக்கும், பிறகு அது போய்விடும். போகாதது இதய வால்வில் ஏற்படுகிற சேதம். நம் தலைமுறையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இடுப்பில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்ற பிள்ளைகளை ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊசியின் வலியை இன்றைக்கும் சொல்வார்கள். அதைப் பாதியில் விட்டவர்களில் சிலர் கல்யாணமாகி முதல் பிரசவத்தில் மூச்சு வாங்கிப் போனார்கள். அப்போதுதான் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. வால்வு மாற்றிய பட்டியல்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எழுத்தர்களின் மனைவிமார், கடைநிலை ஊழியர்களின் மகள்கள், முப்பது வயதுக்குள்.

இவர்களில் எவருக்கும் டான்சிலை எடுத்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காப்பாற்றக்கூடியது பெனிசிலின். அந்தக் கிருமி இன்னும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. ஊசியாகப் போட்டால் ஒன்று போதும், மாத்திரை என்றால் பத்து நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மூன்று நாள் விழுங்குகிறோம். உண்மையான தொண்டைப் பழுப்புக்கு டாக்டர் பத்து நாள் எழுதினால் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறோம். பிறகு இதெல்லாம் டான்சிலின் கோளாறு என்று அதை வெட்டச் சொல்கிறோம். அறுவை ஆன பிள்ளைக்கும் நாளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், சான்றிதழைக் காட்டி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அறுவையையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். இரவில் மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளை, தூங்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்து திணறுகிற பிள்ளை, பகலில் வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை, இவர்களுக்குக் காத்திருக்கச் சொல்வது தப்பு. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டி வாயைத் திறக்க முடியாமல் இரண்டாம் முறை படுத்தவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு எடுக்கட்டும், சந்தோஷம். டாக்டரும் சந்தேகப்படாமல் காரணத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுப்பார். அறுவைக்கு முன்னால் அந்த இரண்டு வரியைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் போக வேண்டாம். அப்படிக் கோபிக்காத டாக்டர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள்.

வெட்டிய சதையைப் பரிசோதிப்பது வீண் என்றும் நான் சொல்லவில்லை. நம் வயதுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். நமக்கு டான்சில் சுருங்கியிருக்க வேண்டிய வயது. ஒரு பக்கம் மட்டும் பெருத்துக்கொண்டே வந்தால், வலி இல்லாவிட்டாலும், கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டால், விழுங்கும்போது ஒரு பக்கமே உறுத்தினால், எச்சிலில் ரத்தம் தெரிந்தால், அது புற்றாகவோ லிம்போமாவாகவோ இருக்கலாம். புகையிலை, பாக்கு, சுருட்டுப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே சதையை எடுத்துப் பார்ப்பதுதான் வழி, ஏனென்றால் வருகிற பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த வைத்தியம் தீர்மானமாகும். அந்த அறிக்கை வந்தால் குழுவில் போட்டுக் கைகூப்பு வாங்கிக்கொண்டிருக்காமல், அதே நாள் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.